பார்வைக்கு வைக்காத உடல்: ஆப்பிரிக்கச் சுடுமண் கலையும் ஊடுபால் அடையாளமும்

கேப்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் பல ஆண்டுகளாக ஓர் உலோகச் சிலை நின்றது. பழைய இயந்திர உதிரிகளைப் பற்றவைத்து வில்லி பெஸ்டர் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய சாரா பார்ட்மனின் உருவம் அது. 2016இல் மாணவர் போராட்டங்கள் நடந்த காலத்தில் கறுப்பினப் பெண்கள் சிலர் அந்தச் சிலைக்குத் துணி போர்த்தினார்கள். தலைக்கும் ஒரு துணி கட்டினார்கள். 2018இல் நூலக ஊழியர் ஒருவர் துணியை எடுத்துவிட்டார். கலைப்படைப்பை மூடி வைப்பது தணிக்கை என்று ஒரு தரப்பு வாதிட்டது. எதிர்த்தரப்பு திரும்பவும் போர்த்தியது. கடைசியில் சிலையே பொது இடத்திலிருந்து அகற்றப்பட்டது. அந்த ஆண்டின் முடிவில் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்துக்கு சாரா பார்ட்மனின் பெயர் சூட்டப்பட்டது.

பெஸ்டரின் நோக்கம் பார்ட்மனை இழிவுபடுத்துவது அல்ல. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவூட்டத்தான் அந்தச் சிலையைச் செய்தார். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கொய்கொய் இனத்தைச் சேர்ந்த பார்ட்மன் 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, மேடையில் நிறுத்தப்பட்டு, 1815இல் பாரிசில் இறந்தார். ஜார்ஜ் கூவியே என்ற உயிரியல் அறிஞர் அவர் உடலுக்கு அச்சு எடுத்து, அறுத்து, மூளையையும் பிறப்புறுப்பையும் தனியே பாதுகாத்து வைத்தார். 1970கள் வரை அவை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. எச்சங்கள் தாய்நாடு திரும்பி அடக்கம் செய்யப்பட்டது 2002இல். இப்படிப் பார்க்கப்பட்ட ஓர் உடலை, அந்தப் பார்வையைக் கண்டிப்பதற்காகவே என்றாலும், மறுபடி ஆடையின்றி நிறுத்தலாமா?

பார்ட்மன் ஊடுபால் உடல் கொண்டவர் அல்லர். ஆனாலும் இன்டர்செக்ஸ் எனப்படும் ஊடுபால் அடையாளத்தை ஆப்பிரிக்கக் கலைஞர்கள் எப்படி உருவாக்குகிறார்கள் என்று பேசப் புகுந்தால் இந்தச் சிலையைத் தாண்டிப் போக முடியாது. ஐரோப்பிய அறிவியல் ஆப்பிரிக்க உடலின் மறைவிடத்தை அளந்து, படம் எடுத்து, கண்ணாடிக் குடுவையில் போட்ட வரலாறு இரண்டுக்கும் பொது. அந்த வரலாற்றுக்குப் பிறகு, ஊடுபால் உடலை மற்றொரு முறை திறந்து காட்டுகிற எந்தப் படைப்பும் கூவியேயின் மேசைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறது. சுடுமண் கலை, குறிப்பாகப் பானை வடிவம், இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். பானை உடலை உணர்த்தும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

முதலில் உடற்கூறு. ஆண், பெண் என்ற இரண்டு வழக்கமான வரையறைகளுக்குள் அடங்காத குரோமோசோம், ஹார்மோன், இனப்பெருக்க உறுப்பு அமைப்புகளோடு பிறப்பவர்களை ஊடுபாலினர் என்கிறோம். திருநர் என்பது வேறு. அது ஒருவர் தன்னை உணரும் பாலினத்தைப் பற்றியது. ஊடுபால் என்பது பிறப்பிலேயே அமையும் உடல் பற்றியது. ஒருவரே இரண்டுமாகவும் இருக்கலாம், இரண்டையும் குழப்பக் கூடாது. ஐ.நா. பயன்படுத்தும் மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 சதவீதம் வரை இப்படிப் பிறக்கிறார்கள். எந்தெந்த அமைப்புகளைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் இவ்வளவு விரிகிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியும் குழந்தைகளுக்கு 1950களிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகள் காட்டிய வழியில் சிறு வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்து ஏதேனும் ஒரு பாலில் சேர்த்துவிடுவது வழக்கமானது. குழந்தையின் சம்மதம் என்ற கேள்வி எழவில்லை.

ஆப்பிரிக்காவில் இதோடு நிறவெறியின் மருத்துவமும் சேர்ந்துகொண்டது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடையே ஊடுபால் உடல்கள் மற்ற இடங்களைவிட அதிகம் என்ற கருத்து பல பத்தாண்டுகளாக மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. அதற்கு ஆதாரமாக நோயாளிகளின் நிர்வாணப் புகைப்படங்கள் அச்சாயின. இந்தக் கருத்தின் வேர் காலனிய இன அறிவியலில் இருக்கிறது என்பதை அமாண்டா லாக் ஸ்வார் 2023இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எடுத்துக் காட்டினார். அந்தப் புகைப்படங்களை மறுபடி அச்சிடலாமா என்பது எந்த ஆய்வாளருக்கும் எழுகிற கேள்வி. கலைஞருக்கும் அதுவே முதல் கேள்வி.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2009 பெர்லினை நினைவூட்டலாம். 800 மீட்டர் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை காஸ்டர் செமென்யாவுக்கு அப்போது வயது 18. அவருடைய பாலினத்தைச் சோதிக்க உத்தரவிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி இறுதிப் போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு கசிந்தது. பின்னர் உடற்கூற்று விவரங்கள் என்று சொல்லப்பட்டவையும் பத்திரிகைகளில் வந்தன. டெஸ்டோஸ்டிரோன் அளவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை 2019இல் விளையாட்டுத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலையில் கூறியது. தமிழ் வாசகருக்கு இது தெரிந்த கதைதான். அதே 800 மீட்டரில், 2006 தோஹா ஆசியப் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் வென்ற வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்ட விதம் நமக்கு மறந்திருக்காது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதை ஏற்று, ஊடுபால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு தடை செய்தது. ஆசியாவில் இப்படி ஒரு தடை அரிது.

மண்ணுக்கு வருவோம்.

சகாராவுக்குத் தெற்கே பெரும்பகுதியில் பானை வனைவது பெண்களின் தொழில். சக்கரம் இல்லை. மண்ணைத் திரித்துக் கயிறாக்கி, சுற்றிச் சுற்றி அடுக்கி, விரலாலும் சுரைக்காய் ஓட்டுத் துண்டாலும் வழித்து உயர்த்துவார்கள். காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்தவெளியில் விறகும் புல்லும் மூட்டிச் சுடுவார்கள். மாலியின் மண்டே மக்களிடையே பானை செய்பவர்கள் கொல்லர் வீட்டுப் பெண்கள்: இரும்பு ஆணுக்கு, மண் பெண்ணுக்கு. இந்தப் பிரிவினைக்குள்ளும் நுணுக்கமான வேலிகள் உண்டு. கானாவின் அசாந்தி மக்களிடையே பெண்கள் பானை செய்யலாம், மனித உருவம் வைத்த பானை செய்யக் கூடாது என்ற விலக்கை 1920களில் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்ரே பதிவு செய்தார். உருவம் செய்த ஒரு பெண் மலடாகிப் போனாள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே அகான் மொழிக் குடும்பத்தின் வேறு பகுதிகளில் இறந்தவர்களின் நினைவுத் தலைகளைச் சுடுமண்ணில் செய்தவர்கள் பெண்களே. ஆக, எந்தப் பால் எந்த வேலைக்கு உரியது என்பது இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. மாறாமல் இருந்தது வேலி மட்டும்தான்.

அதனால் ஆப்பிரிக்காவில் யார் மண்ணைத் தொடுகிறார் என்பதே ஒரு பாலினக் கூற்றாகிவிடுகிறது. மொசாம்பிக்கின் மகொண்டே இனத்தில் 1945இல் பிறந்த ரெய்னாட்டா சடிம்பா, பெண்களுக்கு உரிய பானையிலிருந்து விலகி, மகொண்டே ஆண்கள் மரத்தில் செய்துவந்த உருவச் சிற்பத்துக்குள் மண்ணோடு நுழைந்தார். அவருடைய உருவங்களில் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடல் முளைக்கும். கலயம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாது. எதிர்த்திசையில், 1971இல் சோவெட்டோவில் பிறந்த கிளைவ் சிதோலே பெண்களின் கலையான ஜூலு மது கலயத்தை எடுத்துக்கொண்டார். அந்த மரபின் பெரும் கலைஞர் நெஸ்டா நாலாவிடமே கற்றார். இருவரும் ஊடுபால் அடையாளம் பற்றிப் பேசவில்லை. அப்படி ஒரு பட்டத்தை அவர்கள்மீது ஒட்டவும் கூடாது. ஆனால் அவர்கள் நகர்த்திய வேலிகள்தான் பின்னால் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன.

பானை உடலாக நடத்தப்படும் மரபுக்கு வடகிழக்கு நைஜீரியாவின் பெனுவே ஆற்றின் மேல்பள்ளத்தாக்கைவிட நல்ல சான்று இல்லை. கலை வரலாற்றாளர் மார்லா பெர்ன்ஸ் 1980களிலிருந்து ஆராய்ந்த பகுதி இது. கான்டா மக்கள் பெண்களின் தோலில் கீறிய தழும்புக் கோலத்தையே காவல் தெய்வத்தின் பானையிலும் புடைப்பாகப் பதித்தார்கள். லொங்குடா மக்களிடம் மருத்துவத்துக்கே பானை உண்டு. நோயாளியின் துன்பத்தை ஒரு மண்ணுருண்டைக்கு மாற்றி, பிறகு அந்த நோயின் உருவில் கலயம் வனைந்து வைப்பார்கள். உடலைக் கத்தியால் திருத்துவதற்குப் பதில் மண்ணில் ஒரு மாற்று உடலைச் செய்யும் சிகிச்சை! இதை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. நோய் தீர்ந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் ஒருவருடைய நிலையை அவருடைய உடலைத் திறக்காமலே ஓர் உருவத்தில் வைத்துப் பேசலாம் என்ற எண்ணம் இங்கே முழுமையாக இருக்கிறது.

மக்டலீன் ஒடுண்டோ இந்த மரபுகளை நவீனக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். 1950இல் நைரோபியில் பிறந்தார், 1971இல் இங்கிலாந்து சென்றார், 1974-75இல் நைஜீரியாவின் அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில் லாடி குவாலி போன்ற குவாரி இனப் பெண்களிடம் கையால் வனையக் கற்றார். அவர் கலயங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நீர்த்த களிமண் குழம்பு பூசி, தேய்த்து, முதலில் காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால் செம்மஞ்சள். பிறகு காற்றைத் தடுத்துக் கரிப்புகையில் சுட்டால் ஆழ்ந்த கருப்பு. இரண்டாம் சூட்டில் புகை எங்கே எவ்வளவு ஏறும் என்பதைக் கலைஞர் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் ஒரே கலயத்தில் இரண்டு நிறங்களும் எல்லைக்கோடு இல்லாமல் ஒன்றில் ஒன்று கரைந்து நிற்பதுண்டு.

விமர்சகர்கள் அவருடைய கலயங்களைப் பெண் உடல், கர்ப்பிணியின் வயிறு என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். எனக்கு அது சோம்பலான வாசிப்பாகத் தோன்றுகிறது. வயிறு பருத்த கலயத்தின் மேல் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து விறைத்து நிற்கும். விளிம்பு இறகுபோல் விரியும். தோள்பட்டையில் தொப்புளா முலையா கண்ணா என்று சொல்ல முடியாத சிறு குமிழ்கள் இருக்கும். அந்த உறுப்புகளுக்குப் பெயர் வைக்கத் துடிப்பது பார்ப்பவரின் பழக்கம். பெயர் வைக்காமலும் அந்தக் கலயம் முழுமையான உடலாகவே நிற்கிறது. பிறந்த குழந்தையைப் பார்த்ததும் முதலில் கேட்கும் கேள்வி இல்லாமலே ஓர் உடலை ஏற்றுக்கொள்ளும் பயிற்சியை ஒடுண்டோ தருகிறார், அவர் அதை நினைத்துச் செய்யாவிட்டாலும்.

இந்த இடத்தில் ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கலையில் இருபால் உருவம் என்றதும் கண்காட்சிக் கையேடுகள் உடனே தொன்மத்துக்கு ஓடும். பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் மாலியிலிருந்து வந்த, ஏறக்குறைய 2 மீட்டர் உயரமான மரச்சிலை ஒன்று இருக்கிறது. 10-11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முகத்தில் தாடி, நெஞ்சில் மார்பகம், ஒரு கை வானை நோக்கி உயர்ந்திருக்கும். பெனினின் ஃபோன் மக்களுக்கு மாவு-லிசா என்ற ஆணும் பெண்ணுமான படைப்புத் தெய்வம். யோருபா மக்களுக்கு மனித உடல்களை மண்ணில் வனையும் ஒபாடாலா. ஒருநாள் பனங்கள் மயக்கத்தில் அவர் வனைந்த உடல்கள் வழக்கத்துக்கு மாறாக அமைந்தன. அதனால் அப்படிப் பிறந்தவர்கள் அவருடைய தனிப் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்பது நம்பிக்கை. அழகான கதைதான். ஆனால் அந்தக் கதைப்படி அவர்கள் ஒரு தவறின் விளைவு.

அர்த்தநாரியைக் கோயிலில் வணங்கிவிட்டு வீட்டில் பிறந்த குழந்தையை மறைக்கும் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இந்த முரண் புதிதில்லை. ஆப்பிரிக்காவில் அதன் கூர்மையான வடிவம் மாலியின் டோகோன் மக்களுடைய தொன்மத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1940களில் ஒகொதெம்மேலி என்ற முதியவரிடம் கேட்டு எழுதியதில், 'அம்மா' என்று பெயர் கொண்ட படைப்புக் கடவுள் (தமிழ்ச் சொல்லோடு தொடர்பில்லை) ஒரு குயவர். சூரியன், வெண்சூடு ஏறும்வரை சுட்ட ஒரு பானை. செம்புச் சுருள் அதைச் சுற்றியிருக்கிறது. பூமி, அவர் கையால் எறிந்த ஒரு களிமண் உருண்டை. ஒவ்வொரு மனிதரும் ஆண் ஆன்மா, பெண் ஆன்மா இரண்டோடும் பிறக்கிறார். இதுவரை படித்து நெகிழ்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: ஆணிடம் இருக்கும் பெண்மை நுனித்தோலிலும், பெண்ணிடம் இருக்கும் ஆண்மை அவள் உறுப்பின் ஒரு பகுதியிலும் இருப்பதால், இரண்டையும் வெட்டி எறிந்தால்தான் மனிதர் ஒரு பாலில் நிலைபெறுகிறார். இரண்டும் சேர்ந்த பிறப்பு இங்கே கொண்டாட்டத்துக்குரியது அல்ல, கத்திக்கான காரணம். கிரியோல் எழுதியவற்றில் பலவற்றைக் களத்தில் உறுதிப்படுத்த முடியவில்லை என்று மானிடவியலாளர் வால்டர் வான் பேக் 1991இல் எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும், தெய்வத்துக்கு இரண்டு பாலும் இருப்பது உயிருள்ள குழந்தைக்குக் கவசமாகவில்லை. 2017 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய ஆப்பிரிக்க ஊடுபால் இயக்கத்தினர் வெளியிட்ட அறிக்கையின் கோரிக்கைகளில், மரபின் பெயராலும் மதத்தின் பெயராலும் நடக்கும் சிசுக்கொலையை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது.

தொன்மத்தை விட்டு, இன்று வாழ்கிற மனிதர்களுக்கு உருவம் கொடுப்பவர்களில் எனக்கு முக்கியமானவராகப் படுபவர் லீலா பாபிர்யே. 1985இல் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து, மகெரெரே பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். அவர் தற்பாலீர்ப்பாளர் என்பதைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின, குடும்பம் கைவிட்டது. 2015இல் அமெரிக்கா சென்றவர் 2018இல் அங்கே புகலிடம் பெற்றார். உகாண்டாவில் 2023இல் வந்த சட்டம் தற்பாலீர்ப்புக்கு ஆயுள் தண்டனையும், சில சூழல்களில் மரண தண்டனையும் விதிக்கிறது.

பாபிர்யே செய்வது பெரிய சுடுமண் தலைகள், முகமூடிகள், மரத் தூண் உருவங்கள். மண்ணின்மீது கண்ணாடிப் பூச்சு தாராளமாக வழிந்து உறைந்திருக்கும். சைக்கிள் டியூப், சங்கிலி, கம்பி போன்ற தெருக்குப்பை தலைமுடியாகவும் காதணியாகவும் மாறும். குப்பையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தற்பாலீர்ப்பாளர்களை லுகாண்டா மொழியில் கரும்புச் சக்கை என்று இழிவாகச் சொல்வார்கள்: எறிய வேண்டியது என்று பொருள். அவர் எறிந்தவற்றைப் பொறுக்கி அரச குடும்பம் செய்கிறார். அந்த முகங்கள் ஆணா பெண்ணா என்று கேட்டால் பதில் வராது. அகன்ற தாடை, பருத்த உதடு, கூடையாய் முறுக்கிய கூந்தல், எல்லாம் ஒரே தலையில் இருக்கும்.

அவர் படைப்புகளுக்கு வைக்கும் தலைப்புகளில்தான் எனக்கு அவருடைய அரசியல் தெளிவாகத் தெரிகிறது. உகாண்டாவுக்குள் இருக்கும் மரபு அரசான புகாண்டாவில் 50க்கு மேற்பட்ட குலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கோ செடியோ அடையாளம். குலப் பெயர்கள் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. ஒருவர் பெயரைக் கேட்டால் குலமும் பாலும் தெரிந்துவிடும். பாபிர்யே என்பதே இரட்டையரில் முதலில் பிறக்கும் பெண்ணுக்கு வைக்கும் பெயர். உகாண்டாவின் பால்புதுமையர் (குயர் எனப்படுவோர்) தங்களைக் 'குச்சு' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பாபிர்யே தம் தலைகளுக்கு 'குச்சு மான் குலத்தைச் சேர்ந்த நக்கவாத்வா' என்பது போலப் பெயரிடுகிறார். சிலவற்றைக் குச்சு அரச குடும்பத்தில் சேர்க்கிறார். வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குக் குலத்தில் இடம் தருகிறார். புகாண்டா அரண்மனை மரபில் இளவரசிகளை 'ஐயா' என்ற பொருளில் ஆண்களுக்கு உரிய சொல்லால் அழைப்பார்கள் என்பதை நினைத்தால், இவர் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை என்பது விளங்கும். 2024இல் வெனிஸ் பியெனாலே கலை விழாவிலும், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவிலும், சான் பிரான்சிஸ்கோவிலும் அவருடைய படைப்புகள் நின்றன. கம்பாலாவில் நிற்க வழியில்லை.

பாபிர்யே பேசுவது பால்புதுமையர் எல்லாரையும் பற்றி. ஊடுபாலினரைத் தனியாக அல்ல. பெருங்குடையின் கீழ் எல்லாரையும் சேர்க்கும்போது ஊடுபாலினரின் தனிப்பட்ட சிக்கல், அதாவது குழந்தைப் பருவத்து அறுவைச் சிகிச்சை, கண்ணில் படாமல் போகிறது. மண்ணிடம் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. சுடாத மண் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடி குழம்பாகும், வேறு உருவம் எடுக்கும். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் தாண்டி, மண்ணின் துகளோடு வேதியல் முறையில் பிணைந்த நீர் வெளியேறிவிட்டால் திரும்பும் வழி இல்லை. அவசரப்பட்டுச் சூளையில் வைத்தவர் பானையைத் திருத்த முடியாது, உடைக்கத்தான் முடியும். தன் உடலைப் பற்றிப் பேச வாய் வராத வயதில் செய்யும் அறுவையும் அப்படித்தான்.

இந்தத் திரும்ப முடியாமையை, இடத்தையே படைப்பாக்கும் நிறுவல் கலை (இன்ஸ்டலேஷன்) வேறு விதமாகக் கையாள்கிறது. நைஜீரியாவின் ன்சுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பி எல் அனாட்சுய் 1979இல் 'உடைந்த பானைகள்' என்ற கண்காட்சியை நடத்தினார். உடைந்த பானை முடிந்துபோன பானை அல்ல, அதன் ஓடு வேறு வேலைக்கு வரும் என்பது அதன் சாரம். அதே வளாகத்தில் கற்பிக்கும் என்கோசி-ஒமெஜே எசெமா, இலை போன்ற சிறு சுடுமண் துண்டுகளை நூற்றுக்கணக்கில் நைலான் நூலில் கட்டித் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பூச்சாடி தெரியும். நெருங்கினால் சாடி இல்லை. இடைவெளி விட்டு ஆடும் துண்டுகளும் காற்றும்தான். நகர நகர வடிவம் மாறும். பெண்மை பற்றிய தம் சிந்தனையாகவே எசெமா இவற்றைச் செய்கிறார். ஆனால் ஓர் உடலின் வடிவம் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

நைஜீரிய வேர் கொண்ட பிரிட்டிஷ் கலைஞர் ரான்டி பாம், ஈரமாக நிற்கும் உருளையைத் தம் உடலோடு அணைத்து அழுத்துகிறார். மண் மடிகிறது, கிழிகிறது, இடுப்பு விழுகிறது, அப்படியே சுட்டுவிடுகிறார். 2023 லிவர்பூல் பியெனாலேயில் இவை ஒரு தேவாலயத் தோட்டத்தில் முக்காலிகள்மேல் அமர்ந்திருந்தன. அந்தக் கலயங்களுக்கு ஆணோ பெண்ணோ கிடையாது, தொட்ட தடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நிக்கோலஸ் லோபோ ரப்பர் டியூபை ரிப்பனால் தைப்பதும், நந்திபா எம்டாம்போ மாட்டுத்தோலைத் தம் உடல்மேல் வார்த்து எடுப்பதும் மண்ணுக்கு வெளியே உள்ள உறவுகள். பெயர் மட்டும் சொல்லிக் கடக்கிறேன்.

காட்டவே கூடாது என்பதும் விதி ஆகிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கக் கலைஞர் சனேலே முஹோலி 2023இல் கேப்டவுனில் 'ன்சிந்தா' என்ற வெண்கலச் சிற்பத்தை வைத்தார். பெண்குறிக் காம்பின் (கிளிட்டோரிஸ்) முழு உடற்கூறு, உள்ளே மறைந்த பகுதிகளோடு சேர்த்து, ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கப்பட்டிருந்தது. யாருடைய உடலும் அங்கே அம்பலப்படவில்லை. மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலம் சரியாக வரையாத ஓர் உறுப்பு நினைவுச்சின்னத்தின் கம்பீரத்தோடு நின்றது. உறுப்பைக் காட்டுவதற்கும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தை முஹோலி அறிந்திருக்கிறார்.

யார் பேசுகிறார் என்பது மிஞ்சியிருக்கும் கேள்வி. கேப்டவுனைச் சேர்ந்த சாலி கிராஸ், ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராகவும் நிறவெறி எதிர்ப்பாளராகவும் இருந்தவர். பிறப்பில் ஆண் என்று பதியப்பட்ட அவர், பிற்காலத்தில் தம்மை ஊடுபாலினர் என்று வெளிப்படையாக அறிவித்து, தென்னாப்பிரிக்காவில் முதல் ஊடுபால் அமைப்பைத் தொடங்கினார். 2005இல் சமத்துவச் சட்டத்தின் 'பால்' என்ற வரையறைக்குள் ஊடுபால் சேர்க்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2014இல் இறந்தார். அவரைப் போன்றவர்கள் தங்களைப் பற்றி எழுதினார்கள், சட்டம் திருத்தினார்கள். கேப்ரியேல் லெ ரூ என்ற தென்னாப்பிரிக்க ஓவியர் 2008 முதல் ஆப்பிரிக்காவின் திருநர் செயல்பாட்டாளர்களை எதிரே அமர்த்தி வரைந்தபோது, வரையப்பட்டவர் தம் உருவத்தின்மேலேயே தாம் சொல்ல விரும்பியதை எழுதினார். பெஸ்டரின் சிலைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. இங்கே நான் பேசிய மண் கலைஞர்கள் எவரும் தம்மை ஊடுபாலினர் என்று முன்வைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய கலயங்களில் ஊடுபால் உடலைக் காண்பது பார்ப்பவரின் வாசிப்பு. அதைக் கலைஞரின் வாக்குமூலமாக மாற்றும் எழுத்துகள் பெருகிவருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இந்த இடைவெளிக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. புகைப்படமும் ஓவியமும் பையில் அடங்கும். மண்ணுக்கு இடம் வேண்டும், காயவைக்க நாள்கள் வேண்டும், சூளை வேண்டும். ஊரில் திறந்தவெளிச் சூளை மூட்டுவது பெண்கள் கூடிச் செய்யும் வேலை. யார் அந்தக் கூட்டத்தில் சேரலாம் என்பதை ஊர் தீர்மானிக்கும். மின்சூளை பல்கலைக்கழகத்திலோ வசதியான கலைக்கூடத்திலோதான் இருக்கும். குடும்பத்துக்குப் பயந்து அறை மாறி அறை வாழ்கிறவர் களிமண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

அதனால் சட்டம் எந்த நாட்டில் எப்படி மாறுகிறது என்பதை இந்தக் கலையின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. கென்யாவில் 2009இல் பிறந்த ஒரு குழந்தையின் மருத்துவமனை ஆவணத்தில், பால் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். தாய் வழக்குப் போட்டார். 2014இல் உயர் நீதிமன்றம் அரசை வழிகாட்டு விதிகள் வகுக்கச் சொன்னது. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊடுபாலினரை அந்த நாடு தனியே எண்ணியது. 1,524 பேர் பதிவானார்கள். மறைந்திருப்பவர்களைக் கணக்கில் எடுத்தால் இது மிகக் குறைவு. 2022இல் வந்த குழந்தைகள் சட்டம் ஊடுபால் குழந்தைகளைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. அதே கென்யாவில் தற்பாலீர்ப்பு இன்றும் குற்றம். ஆகவே அங்கே ஊடுபாலினருக்குத் திறக்கும் கதவு பால்புதுமையர் அனைவருக்கும் திறப்பதில்லை; ஒன்றாக நிற்பதா, விலகி நின்று சட்டப் பாதுகாப்பைப் பெறுவதா என்ற நெருக்கடி அங்குள்ள செயல்பாட்டாளர்களுக்கு உண்டு. இருந்தாலும், தம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் ஊடுபால் கலைஞர் மண்ணில் செய்யும் முதல் பெரிய நிறுவல் கம்பாலாவைவிட நைரோபியிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ சூளை ஏறும் வாய்ப்பே அதிகம் என்று நினைக்கிறேன்.